அந்தப் புண்ணியவான் யாருங்க?

கம்பெனி கம்பெனியாகப் போய் அம்மாவின் பாட்டுகளைப் பாடும்போது வேல்குமார் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ‘புண்ணியவான்’ பாட்டு வருவதற்கு முன்னால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவான். சட்டைப் பையிலிருந்து அம்மாவின் பழைய செல்போனை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் பிடிப்பான். பழனியம்மாளின் குரல் ஒரு வரி பாடும். பிறகு வெறும் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மெல்லிசாக ஒரு சத்தம்.

“கேட்டீங்களா, அது விசும்பலுங்க. எங்கம்மா அழுதுட்டே பாடியிருக்காங்க.”

இதைச் சொன்னதும் முன்வரிசை முதலாளிகள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். பின்வரிசைச் செக்கிங் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். சிலருக்குத் தோளே குலுங்கும். வேல்குமார் கைக்குட்டையை எடுப்பான். பதினேழு மேடைகளில் பதினேழு முறை எடுத்திருக்கிறான்.

பழனியம்மாள் இறந்து பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. வீரபாண்டியில் திருமூர்த்தியின் பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் செக்கிங்கில் வேலை பார்த்தவள். தைத்து வரும் பனியனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது அவள் வேலை. கண்ணும் கையும்தான் அங்கே ஓடும். வாய் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருந்த வாயால் அவள் கட்டிய பாட்டுகள் ஏராளம். அவற்றில் பதினொன்றை எப்போதோ அடுப்படியில் நின்று செல்போனில் பாடிப் பதிந்து வைத்திருந்தாள். காரியம் முடிந்த மூன்றாம் நாள் செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வேல்குமாருக்கு அது கிடைத்தது.

அதுவரை பதினைந்து வருடமாக அவன் கோயில் விழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவன். பாடுகிறவருக்குப் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர் மறைக்கும் இடத்தில் அவன் நாற்காலி இருக்கும். எந்தப் பிளெக்ஸிலும் அவன் முகம் வந்ததில்லை. இப்போது வந்தது. ‘தாயின் தவப்புதல்வன்’ என்று தலைக்கு மேல் எழுதி, அம்மாவை மேகத்துக்குள் வைத்து, இவனைக் கீழே கும்பிட வைத்து, பல்லடம் சாலை முழுக்கக் கட்டினார்கள்.

எல்லாப் பாட்டிலும் பெயர் வாங்கியது ‘புண்ணியவான்’தான். நான்கே வரி.

பொழுது விடிஞ்சாப் புண்ணியவான் மொகத்துல முழிக்கோணும்.
அவரு வெரலு அசைஞ்சா ஊரே ஆடோணும்.
நாம ஓடி ஓடி ஒழைக்கறது அவரு ஒருத்தருக்குத்தான்.
நூறு வருசம் அவரு நல்லா இருக்கோணும்.

ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அதே நீளத்துக்கு ஓர் இடைவெளி. பாட்டுக்கட்டு தெரிந்தவனான வேல்குமாருக்கு அது உறுத்தியது. அம்மாவுக்கு மூச்சுப் பத்தவில்லை என்று முடிவு கட்டினான். இடைவெளியில் புல்லாங்குழலை வைத்தான். வாசித்தவன் சுரேந்தர். அந்தக் குழலுக்குக் கிடைத்த கைதட்டலில் சுரேந்தர் பட்டு ஜிப்பா தைத்துக்கொண்டான். ஒவ்வொரு ஊரிலும் அரையடி அரையடியாக மேடையின் முன்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான்.

புண்ணியவான் யார் என்று எந்த முதலாளியும் கேட்கவில்லை. அவரவருக்குத் தெரிந்திருந்தது. சாயப்பட்டறை முதலாளி ஒருவர் பாட்டு முடிந்ததும் மேடையேறி, இந்த அம்மா நம்மகிட்ட ஆறு மாசம் வேலை பார்த்திருக்கோணும், இல்லாட்டி இவ்வளவு கரெக்டா எழுத முடியாது என்றார். பிரிண்டிங் யூனிட்காரர் ஒருவர், இது காலமான தன் அப்பாதான் என்று சொல்லிப் படத்துக்கு மாலை போட்டார். காங்கயம் சாலைப் பக்கம் ஒரு கம்பெனியில் காலை எட்டரை மணிக்கு முருகன் பாட்டை நிறுத்திவிட்டு இதைப் போட ஆரம்பித்தார்கள்.

இந்த நிலைமையில்தான் திருமூர்த்தியே கூப்பிட்டனுப்பினார். அம்மா வேலை பார்த்த அதே கம்பெனிக்கு முப்பதாவது ஆண்டு விழா. டென்மார்க்கிலிருந்து, பனியன் வாங்கும் பையர் அம்மா வருகிறார். பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டால், பன்னிரண்டு ஊர்களில் கச்சேரி. சென்னை உண்டு, பெங்களூர் உண்டு, கடைசியாக டென்மார்க்கில் நடக்கும் துணிக் கண்காட்சியிலும் ஒன்று. மொத்தமும் கம்பெனி ஏற்பாடு. வேல்குமாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் கழிந்த பதினைந்து வருடத்துக்கும் சேர்த்து ஒரே பதில் இது. விட்டால் மறுபடி கோயில் விழாதான்.

“அந்தப் புண்ணியவான் நாந்தானுங்க. நானே சொல்லிக்கறது கூச்சமாத்தான் இருக்குது” என்றார் திருமூர்த்தி. கூச்சம் முகத்தில் தெரியவில்லை.

ஏற்பாடுகளை ஹெச்.ஆர். மேனேஜர் பிரதீப்பிடம் ஒப்படைத்தார். பிரதீப்புக்கு எதுவாக இருந்தாலும் பைலில் இருக்க வேண்டும். நான்கு வரியையும் டைப் அடித்து, இங்கிலீஷில் மொழிபெயர்த்து, வரிக்கு வரி சீல் குத்தி வாங்கினான். பழனியம்மாளோடு வேலை பார்த்த இருபது பெண்கள் ஒரே நிறச் சேலையில் பின்னால் நிற்க வேண்டும், பாடக் கூடாது, ‘ம்’ என்று முனகினால் போதும் என்பதும் பைலில் ஏறியது.

ஒத்திகை கேன்டீனில், மூன்று மணி டீக்கு. இருபது பெண்களுக்கும் தலைமை மயிலாள். பழனியம்மாளுக்கு அடுத்த இடத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து நூல் வெட்டியவள். வேல்குமாரைப் பள்ளிக்கூட டவுசரில் பார்த்தவள். அவனும் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவான்.

வேல்குமார் முதல் வரியைப் பாடினான். சுரேந்தர் குழலை உதட்டில் வைத்தான். மயிலாள் கையைத் தூக்கினாள்.

“அந்தத் தம்பிய ஊதறத நிறுத்தச் சொல்லு கண்ணு. நாங்க பாடற எடத்துல அவரு என்னத்துக்கு ஊதறாரு?”

“நீங்க பாடற எடமா? எது சின்னம்மா?”

மயிலாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு இருபது பேரையும் திரும்பிப் பார்த்தாள். “நீ மறுக்காப் பாடு” என்றாள்.

அவன் பாடினான். பொழுது விடிஞ்சாப் புண்ணியவான் மொகத்துல முழிக்கோணும்.

இருபது பேரும் ஒரே குரலில் எடுத்தார்கள்: “அவரு முழிக்கறதுக்குப் பொழுது உச்சிக்கு வரோணும்.”

வேல்குமாரின் விரல் கீபோர்டில் தவறான கட்டையில் நின்றுவிட்டது. மயிலாள் அடுத்ததைப் பாடச் சொல்லித் தலையாட்டினாள். அவரு வெரலு அசைஞ்சா ஊரே ஆடோணும் என்றான்.

“அவரு தின்ன தட்டு அங்கியே கெடக்கோணும்.”

நாம ஓடி ஓடி ஒழைக்கறது அவரு ஒருத்தருக்குத்தான் என்றான், பாதிக் குரலில்.

“போத்திப் படுத்த பொன்னு மேனி நோகக் கூடாதுன்னுதான்.”

நூறு வருசம் அவரு நல்லா இருக்கோணும்.

“அது வரைக்கும் நாம நூலு வெட்டோணும்.”

கேன்டீன்காரர் டீ வடிகட்டியைப் பிடித்தபடியே சிரித்தார். சுரேந்தர் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

செக்கிங் டேபிளில் பாட்டு அப்படித்தான் என்று மயிலாள் விளக்கினாள். ஒருத்தி எடுப்பாள், டேபிள் பதில் சொல்லும். எடுப்பது எப்போதும் புகழ்ச்சியாகத்தான் இருக்கும். சூப்பர்வைசர் காதில் விழுவது அதுதான். பதிலைக் குனிந்து நூல் வெட்டிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். கம்பெனி மாறுகிற பெண்களோடு பாட்டும் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். இப்போது திருப்பூரில் இந்தப் பாட்டின் பதில் தெரியாத செக்கிங் டேபிளே இல்லை.

வேல்குமாருக்கு, வாயைப் பொத்திய பின்வரிசை முந்தானைகள் ஞாபகம் வந்தன. ஆனாலும் கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டான். செல்போனை எடுத்து அந்த விசும்பலைப் போட்டுக் காட்டினான்.

“அழுகறாளா? உங்கம்மாளா?” என்றாள் மயிலாள். “அவளுக்குச் சிரிப்ப அடக்குனா மூக்கு வழியா வரும் கண்ணு. பத்தொம்பது வருசம் எங்காதுக்குப் பக்கத்துல கேட்டிருக்கறேன்.”

ராயபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து மனைவி அனுப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா பாடியது புகழ்ச்சிப் பாட்டே இல்லை, முதலாளி வர்க்கத்தின் மேல் வீசிய கல் என்றான். இதுநாள் வரை பாதிக் கல்லைத்தான் சுமந்திருக்கிறேன் என்றான். முழுதாகப் பாடினால் பன்னிரண்டு ஊரும் போய்விடும். பாதியாகவே பாடினால் தெரிந்தே அம்மாவை ஏமாற்றியவன் ஆவேன் என்றான். அனுப்ரியா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“முதலாளியத்தான் பாடுனாங்களா?”

“பின்னே ஆர? உச்சிப் பொழுதுல எந்திரிக்கறவன் வேற ஆரு இருக்கறான்?”

அவள் வாயைத் திறந்து, மூடி, மடித்த துணியையே மறுபடி மடித்தாள். “முழுசாவே பாடுங்க. அத்தை சந்தோசப்படுவாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. உள்ளேயிருந்து இருமல் மாதிரி ஏதோ கேட்டது.

மூன்று நாள் வேல்குமார் யோசித்தான். யோசனையில் தூக்கம் கெட்டுக் காலை பத்தரைக்குத்தான் எழ முடிந்தது. சோறு இறங்கவில்லை, நாலு தோசைக்கு மேல் போகவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்று மறுபடி யோசித்தான். டென்மார்க்கின் மேடை தெரிந்தது. அம்மாவின் மூக்குச் சிரிப்பும் கேட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா ஜெயித்தாள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதலாளி முகத்துக்கு நேரே பாடி வாய்ப்பை இழந்த கலைஞன் என்று பத்திரிகையில் எழுதினால் எந்தப் போட்டோவைக் கொடுப்பது என்று அவன் தேர்ந்தெடுத்தே விட்டான்.

மயிலாளுக்குப் போன் போட்டு, முழுசாகப் பாடப் போகிறேன், வந்தது வரட்டும் என்றான்.

“உனக்கே ஒண்ணுமில்லீன்னா எங்களுக்கென்ன கண்ணு. உம்பட மனசு ஆருக்கு வரும்” என்றாள் அவள். குரல் நெகிழ்ந்துதான் இருந்தது. தன் துணிச்சலைத்தான் பாராட்டுகிறாள் என்று வேல்குமார் எடுத்துக்கொண்டான்.

விழா மாலை நாலு மணிக்கு, கம்பெனி மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. முன்வரிசை நடுவில் திருமூர்த்தி. அவருக்கு வலது கைப்பக்கம் இரண்டாவது யூனிட்டைப் பார்த்துக்கொள்ளும் அவர் மச்சான் மகுடேஸ்வரன். இடது பக்கம் டென்மார்க் அம்மா, அவருக்கு அந்தப்புறம் பையரின் கோயம்புத்தூர் ஆபீஸில் வேலை செய்யும் ஜனனி என்ற பெண். பின்னால் பைலோடு பிரதீப். அதற்கும் பின்னால் எண்ணூறு பேர். நம்மூர்ப் பெண்கள், மதுரைப் பக்கத்துப் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள்.

மற்றப் பாட்டுகளெல்லாம் முடிந்து ‘புண்ணியவான்’ வந்தது. வேல்குமார் விசும்பல் கதையைச் சொல்லவில்லை. முதல் வரியைப் பாடினான். சுரேந்தர் பழக்க தோஷத்தில் குழலைத் தூக்கினான். வேல்குமார் அவனை முறைத்தான். கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான். அம்மா விட்ட அதே இடைவெளியை விட்டான்.

மேடையிலிருந்த இருபது பேரும் பிரதீப்பைப் பார்த்தார்கள். ‘ம்’ என்று முனகுவதாகக் கையெழுத்துப் போட்டவர்கள்.

பதில் கீழேயிருந்து வந்தது. எங்கோ கடைசி வரிசையில் ஒரு குரல் தொடங்கியது. அடுத்த நொடி எண்ணூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவரு முழிக்கறதுக்குப் பொழுது உச்சிக்கு வரோணும். தமிழே வராத ஒடிசாப் பெண்களும் இந்த வரியைப் பிசிறில்லாமல் சொன்னார்கள்.

சிரிக்கலாமா என்று தெரிந்துகொள்ள சூப்பர்வைசர்கள் எல்லாரும் மகுடேஸ்வரனைப் பார்த்தார்கள். மகுடேஸ்வரன் மச்சானைப் பார்த்தார். திருமூர்த்தி டென்மார்க் அம்மாவைப் பார்த்தார். தொழிலாளர்கள் நன்றி சொல்கிறார்கள் என்று பிரதீப் பின்னாலிருந்து அவசரமாக மொழிபெயர்த்தான். ஜனனி அந்த அம்மாவின் காதில் வேறு எதையோ சொன்னாள். டென்மார்க் அம்மா சிரித்துவிட்டுக் கைதட்டினார். உடனே திருமூர்த்தி தட்டினார், மகுடேஸ்வரன் தட்டினார், சூப்பர்வைசர்கள் விரல் நோகத் தட்டினார்கள். மிச்ச மூன்று வரிக்கும் பந்தல் குலுங்கியது.

வேல்குமார் கீழே இறங்கியபோது கழுத்தைக் கொடுக்கத் தயாராகத்தான் இறங்கினான். திருமூர்த்தி அவனைத் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“அந்த ஆளு ஆருன்னு எனக்குப் புரிஞ்சு போச்சுங்க” என்றார் மெதுவாக. கண்ணால் மச்சானைக் காட்டினார். “பதினோரு மணிக்கு முன்னால அவருக்கு விடியாதுங்க. நானே சொல்ல முடியாமத் தவிச்சதுங்க இது.”

கைகழுவும் இடத்தில் மகுடேஸ்வரன் பிடித்துக்கொண்டார். பிரதீப்பைத்தானே சொல்கிறீர்கள் என்றார். கேன்டீனில் தின்ற தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போகிறவன் அவன் ஒருத்தன்தான், தான் இரண்டு வருடமாகக் கவனித்து வருவதாகச் சொன்னார். பிரதீப் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து, யாரென்று தனக்குத் தெரியும், பெயரைத் தான் சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது என்று மேலே பார்த்தான். மேலே முதலாளியின் அறை இருந்தது.

புகழ்ந்தபோது ஆளாளுக்குத் தானே என்று நின்றவர்களில் ஒருத்தருக்குக்கூட இப்போது தன் முகம் தெரியவில்லை. இந்த ஆறுதலோடு வேல்குமார் சுமோவில் ஏறப் போகும்போது பிரதீப் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னான்.

டென்மார்க் அம்மாவுக்குப் பாட்டு ரொம்பவும் பிடித்துப் போனது. பன்னிரண்டு ஊருக்கும் சரி சொல்லிவிட்டார். ஆனால் ஜனனி முழுப் பாட்டையும் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறாள். எண்ணூறு தொழிலாளர்கள் ஒரே குரலில் ஒருவரைப் பற்றிக் குறை சொன்னால் பையர் கம்பெனியின் சட்டப்படி அது பாட்டில் சேராது, புகாரில் சேரும். எண் போட்டாயிற்று. புகார் எண் ஏழு. சம்பந்தப்பட்ட நபர் யார், அவர்மேல் என்ன திருத்த நடவடிக்கை எடுத்தீர்கள் என்று ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுத்துப் புகாரை மூட வேண்டும். மூடாவிட்டால் கச்சேரி இல்லை.

“மேல கேட்டா ஆளுக்கொரு பேரு சொல்றாங்க. எதையும் எழுத முடியாதுங்க” என்றான் பிரதீப், படிவத்தை நீட்டி. “பாட்டுக் கட்டுனது உங்கம்மா. நீங்கதான் பேரு எழுதிக் கையெழுத்துப் போடோணும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேல்குமார் பத்தரைக்கு எழுந்து, பதினோரு மணிக்குப் புறப்பட்டு, வீரபாண்டியில் மயிலாளின் லைன் வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். படிவத்தைக் காட்டினான். இவர்களில் யார் என்று மட்டும் சொல்லுங்கள் சின்னம்மா, மூவரில் யாராக இருந்தாலும் எழுதிவிடுகிறேன், பின்வாங்க மாட்டேன் என்றான்.

மயிலாள் புளியைக் கீழே வைத்தாள்.

“உனக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்க.”

“தெரியாமயா இத்தன ஊருல பாடுனே?” அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாள். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னாள். “ஏங் கண்ணு, எங்க மொதலாளி காத்தால ஆறு மணிக்கு வாக்கிங் போற மனுசன். அவரு மூஞ்சில உங்கம்மா எங்க போயி முழிச்சா? அவ முழிச்ச ஊட்டுல உச்சிப் பொழுது வரைக்கும் போத்திப் படுத்திருந்தது ஆரு?”

வேல்குமார் படிவத்தை மடித்தான்.

“கச்சேரிக்குப் போயிட்டு விடியக்காலம் வருவே. இவ எந்திரிச்சுச் சோறாக்கி வெச்சுட்டு, ஒரு எட்டு வந்து உம் மொகத்தப் பாத்துட்டு எட்டரைக்கு டேபிள்ல வந்து உக்காருவா. உக்காந்ததும், எம்பட புண்ணியவான் என்ன பண்ணுச்சு தெரியுமான்னு ஆரம்பிப்பா. வெரலு அசைஞ்சாங்கறது இந்தப் பொட்டி வாசிக்கறதுதான். தட்டு உந் தட்டுதான். கல்யாணத்துக்கப்புறம் அத எடுத்துக் கழுவறது உம் பொண்டாட்டி. அவளும் இந்தப் பாட்டப் பாடுவாளாமே, உங்கம்மா சொல்லியிருக்கறா.”

அடுப்படியில் கேட்ட இருமல் என்னவென்று வேல்குமாருக்கு இப்போது விளங்கியது.

“நாங்க என்ன நெனச்சோம் தெரியுமா? ஊரு ஊராப் போயித் தன்னையே திட்டிக்கறானே, ஆத்தா போனதும் பையனுக்கு எவ்வளவு பெரிய மனசு வந்துருச்சுன்னு பேசிக்கிட்டோம். பதில மட்டும் வெக்கப்பட்டுட்டுப் பாடாம, ஆளு வெச்சு ஊத உடறான்னு நெனச்சோம்.”

அவன் எழுந்து போகப் பார்த்தான். மயிலாள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “கடைசி வரி, நூறு வருசம் நல்லா இருக்கோணும்னு வருதே, அதுக்கு மட்டும் அவ சிரிக்கவே மாட்டா. நாங்கதான் சிரிப்போம். வேணும்னாப் போட்டுப் பாரு.”

சுமோவில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தான். முதல் மூன்று இடைவெளியிலும் அந்த மூக்குச் சத்தம் இருந்தது. நான்காவதில் ஒன்றும் இல்லை. நாலு முறை திருப்பிப் போட்டான். ஒன்றும் இல்லை.

படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மூன்று பெயரில் எதை எழுதினாலும் யாரும் மறுக்கப் போவதில்லை. மற்ற இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தே போடுவார்கள். தன் பெயரை எழுதினால் கச்சேரி உண்டு, ‘தாயின் தவப்புதல்வன்’ இல்லை. சாலையில் அவன் பிளெக்ஸ் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கும்பிட்ட கையில் பாதி கிழிந்திருந்தது.

எழுதினான். சம்பந்தப்பட்ட நபர்: வேல்குமார். உறவு: மகன். குறை: தாமதமாக எழுவது, தட்டை எடுக்காதது. திருத்த நடவடிக்கை: தட்டை நானே கழுவுவது.

முதல் குறைக்கும் நடவடிக்கை எழுத வேண்டும் என்று பிரதீப் சொல்லுவான் என்று பயந்தான். பிரதீப் ஒருமுறை படித்தான், இரண்டாம் முறை படித்தான், பெருமூச்சு விட்டான். “நல்லவேளைங்க, கம்பெனி ஆளு இல்லை” என்று சீல் குத்தினான். ஒன்றே ஒன்று பாக்கி என்றான். எந்த நடவடிக்கைக்கும் படம் இருந்தால்தான் ஆடிட்டில் ஏற்றுக்கொள்வார்களாம். திருந்துவதற்கு முன்னால் ஒன்று, திருந்திய பின்னால் ஒன்று.

வீட்டில் வேல்குமார் சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நின்றான். அனுப்ரியா செல்போனில் படம் எடுத்தாள். சாம்பார் கரண்டியையும் கழுவச் சொல்லி இன்னொன்று எடுத்தாள். முன்னால் எடுக்க வேண்டிய படத்துக்காகத் தட்டை மறுபடி மேஜையில் வைக்கலாமா என்று கேட்டான்.

“அது வேண்டாமுங்க. முன்படம் அஞ்சு வருசத்தது எங்கிட்ட இருக்குது. அத்தைதான் எடுத்து வெக்கச் சொன்னாங்க.”

பன்னிரண்டில் முதல் கச்சேரி வெள்ளகோவிலில் ஒரு நூல்மில்லில் நடந்தது. மயிலாளும் நாலு பெண்களும் கம்பெனி வேனில் வந்திருந்தார்கள். சுரேந்தர் அரையடி பின்னால் போய் உட்கார்ந்திருந்தான். பாட்டுக்கு முன்னால் படிவத்தில் உள்ளதை மேடையில் படிக்க வேண்டும் என்பது கம்பெனி நிபந்தனை. வேல்குமார் மைக்கைப் பிடித்து, இந்தப் பாட்டில் வரும் புண்ணியவான் நான்தான் என்றான்.

முன்வரிசை முதலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மில் உரிமையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எவ்வளவு அடக்கம் பாருங்க, பழியைத் தான் ஏத்துக்கறாரு என்று பக்கத்து நாற்காலியிடம் சொன்னார். பக்கத்து நாற்காலிக்கும் கண் கலங்கியது. இவ்வளவு பெரிய மனது உள்ளவன் திட்டுவது யாரை என்று அவர்களுக்குத் தெரியும். தங்களுக்கு வேண்டாத ஒருத்தர் எல்லா ஊரிலும் உண்டு.

“நெசமாத்தானுங்க” என்றான் வேல்குமார். அதற்கும் கைதட்டினார்கள்.

அவன் கீபோர்டில் கை வைத்தான். நான்கு வரியில் மூன்றைப் பாடி, மூன்றுக்கும் திட்டு வாங்கிக்கொண்டான். நான்காவதைப் பாடினான். நூறு வருசம் அவரு நல்லா இருக்கோணும். கையை எடுத்தான். பின்வரிசையில் முந்தானைகளை இறக்கிவிட்டு மில் பெண்கள் பதில் சொன்னார்கள். மேடையில் மயிலாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கச்சேரி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் எவர்சில்வர் தட்டு போட்டிருந்தார்கள். சாப்பிட்டு எழுந்த வேல்குமார் தட்டையும் கையோடு எடுத்தான். பரிமாறுகிறவர் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

“வையுங்க சார், நாங்க எடுத்துக்கறோம். நீங்க போயி இதெல்லாம் செய்யக் கூடாதுங்க.”

வேல்குமார் விடவில்லை. அவரும் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் மிச்சமிருந்த ரசம் சட்டையில் சிந்தியது. எதிர்ப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மயிலாள் தலையைத் தூக்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உடுங்க அண்ணா” என்றான் வேல்குமார். “நான் கையெழுத்துப் போட்டிருக்கறேன்.”